தமிழரசியின் பேட்டரி

யாங்கோன் நகரத்தில், ஏப்ரல் மாதத்துச் சுடுவெயிலில், மொட்டை மாடியில் பாலித்தீன் கூடாரம் அடித்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் மூடி, அதற்குள் கறுப்புப் பெயிண்ட் பூசிய தொட்டியில் மீன் வளர்த்த புத்திசாலி இராமையா ஒருவர்தான். மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் பாதையை ஒட்டிய அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் குடியிருந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. ஆறாவது மாடிக்காரருக்குத்தான் மொட்டை மாடி என்பது அந்த ஊர் வழக்கம். தட்டிக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

தட்டிக் கேட்டிருக்க வேண்டியவள் அவர் பெண்டாட்டி தமிழரசி. அந்தத் தொட்டியால் சீரழிந்தவளும் அவள்தான். சொல்ல வேண்டியது அவளைப் பற்றித்தான்.

தமிழரசி பிறந்தது அதே ஊரின் தாகேதாப் பகுதியில். தாத்தா காலத்தில் ரயிலுக்குக் கல் கொட்ட வந்த குடும்பம். ஐம்பத்து நாலு வயதில் அவளுக்கு மிச்சமிருந்த சொத்து ஒரு தையல் மெஷின். கீழே இருக்கும் துணிக்கடைக்கு லுங்கி மூட்டித் தருவாள். மூட்டாத துணி கட்டுக் கட்டாக ஆறாவது மாடிக்குக் கயிற்றில் ஏறி வரும், மூட்டிய லுங்கி அதே கயிற்றில் இறங்கிப் போகும். அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டு பால்கனியிலிருந்தும் இப்படி ஒரு கயிறு தெருவரை தொங்கும். பேப்பர்காரன், கறிகாய்க்காரி, மருந்துக்கடைப் பையன் எல்லாரும் அதில்தான் கட்டிவிடுவார்கள். ஆறு மாடி ஏறி இறங்க அவளால் ஆகாது. பஞ்சுத் தூசியைத் தின்று தின்று நெஞ்சு கெட்டுப்போய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டது.

நெஞ்சு அடைக்கும்போது காப்பாற்ற ஒரு சின்ன மெஷின் இருந்தது. மருந்தைச் சின்னக் குப்பியில் ஊற்றி, மூடியை மூக்கில் வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டால் மருந்து புகையாக வந்து நெஞ்சைத் திறக்கும். மூச்சு மெஷின் என்று அவளே பேர் வைத்திருந்தாள். ஆனால் சுவிட்சைப் போட்டால் கரண்ட் இருக்க வேண்டுமே. யாங்கோனில் கரண்ட் என்பது தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி, அதுவாக நினைத்தால் வரும். வந்துவிட்டால் தெரு முழுக்க ஒரே குரலாக "மீ லா பீ! கரண்ட் வந்துருச்சு!" என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை நம்பி ஒருத்தி மூச்சு விட முடியுமா? தமிழரசி தன் கம்மலை விற்று ஒரு பேட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டாள். கரண்ட் இருக்கிற கொஞ்ச நேரத்தில் அது சார்ஜ் ஏறும். மற்ற நேரத்தில் அது இருக்கிறது என்ற தைரியத்தில் அவள் நிம்மதியாகத் தைப்பாள்.

அந்த பேட்டரிதான் மாடி ஏறிப் போனது.

இராமையா பாயின்னாங் பருப்புச் சந்தையில் தரம் பார்க்கிறவர். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி உளுந்தை எடுத்தால் அது எந்த ஊர் உளுந்து என்று சொல்லிவிடுவார். வீட்டிலும் அதே பழக்கம். கையை விட்டுப் பார்ப்பார், தரம் சொல்வார், ஒதுக்கிவிடுவார். அப்படி அவர் ஒதுக்கிய சரக்கு, அவர்களுடைய ஒரே பிள்ளை பாலா.

பாலாவுக்குப் பதினைந்து வயதில் மீன் பைத்தியம். ஜாம் பாட்டில்களில் சண்டை மீன் வளர்த்தான். ஒரு பாட்டிலில் ஒரு மீன். ஜன்னல் விளிம்பு முழுக்க பாட்டில். சிவப்பு, நீலம், மயில் கழுத்து நிறம் என்று ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்து, பாட்டிலுக்கு நடுவில் அட்டை செருகி, மீன்கள் ஒன்றை ஒன்று பார்த்துச் சீறாமல் காத்து வந்தான். அந்த வருஷம் பத்தாவதில் தேறவில்லை. பரீட்சை முடிவு வந்த அன்று இராமையா நாற்காலியில் உட்கார்ந்து, "எல்லாத்தையும் கொட்டு" என்றார். பையனிடம் சொல்லவில்லை. தமிழரசியிடம் சொன்னார். சொல்லும்போது அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. கொட்டாவிட்டால் பையனுக்கு பெல்ட் அடி விழும் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துக் கொண்டுபோய்ச் சமையலறைச் சாக்கடையில் கொட்டினாள். பாலா சுவரோரம் நின்று பார்த்தான். அழவில்லை. கடைசி பாட்டில் காலியானதும், "முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டான்.

அதற்கப்புறம் பத்து வருஷம் அந்த வீட்டில் அவன் சோறு தின்றான், தூங்கினான், பேசவில்லை. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு வந்த வருஷம் ஒரு ஏஜெண்டைப் பிடித்து ஜப்பானுக்குப் போய்விட்டான். வடக்கே ஹொக்கைடோ என்ற இடம். மாட்டுப் பண்ணையில் வேலை. வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டுமாம். போய் இறங்கியதும் ஒரு வரி மெசேஜ் வந்தது. பிறகு ஒரு வருஷம் மூச்சுப் பேச்சில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இராமையாவின் போனில் வீடியோ அழைப்பு வந்தது. அவன் முகம் தெரியவில்லை. தெரிந்தது ஒரு கறுப்புத் தொட்டி. வெளியே ஆள் உயரத்துக்குப் பனி, உள்ளே பாலித்தீன் கூடாரத்தில் வியர்த்துக் கொட்டும் ஈரம், தொட்டியில் மீன், மீனுக்கு மேல் தட்டுத் தட்டாகச் சரளைக்கல், கல்லில் பச்சைப் பசேலென்று கீரை. மீன் கழிவுத் தண்ணீர் மேலே ஏறிக் கீரைக்கு உரமாகிறது, கீரை வேர் அதைச் சுத்தம் செய்து மீனுக்கே திருப்பி அனுப்புகிறது, மண்ணே தேவையில்லை என்று பாலா விளக்கினான். வாடகைக்கு இருக்கிற கொட்டகைக்குப் பின்னால் அவனே கட்டியதாம். கறுப்புப் பெயிண்ட் வெயிலை இழுத்து வைத்துக்கொள்ளும், கூடாரம் அந்தச் சூட்டை வெளியே விடாது, அதனால்தான் அந்தக் குளிரிலும் மீன் பிழைக்கிறது என்றான்.

பதினொரு வருஷத்தில் மகன் அவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டதே இல்லை. இராமையா மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர். கேட்கத் தெரிந்திருந்தால் அன்றைக்கே கேட்டிருக்கலாம். அவர் வாயிலிருந்து வந்தது, "நானும் இங்க ஒண்ணு கட்டவாடா?" என்பதுதான்.

பாலா, "கட்டுங்க. என்னோடதை மாதிரியே கட்டுங்க" என்றான்.

கட்டினார். தொட்டியை ஆறு மாடிக்கும் மேலே கயிறு கட்டி இழுத்தார்கள், தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. கறுப்புப் பெயிண்ட், பாலித்தீன் கூடாரம், சரளைத் தட்டு எல்லாம் போனில் பார்த்தபடியே. திலாப்பியா மீன் குஞ்சுகளை வாங்கி விட்டார். ஞாயிறுதோறும் பாலா அழைப்பான். தண்ணீர் சூடு என்ன, கீரை வேர் என்ன நிறம், மீன் தீனி தின்கிறதா என்று கேட்பான். இராமையா பள்ளிக்கூடப் பையன் மாதிரி பதில் சொல்வார். தமிழரசி அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள். "அம்மா எப்படி இருக்காங்க?" என்று அவன் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. போன் மூடியதும் அவள் போய் இன்னொரு லுங்கியை எடுத்துத் தைக்க உட்கார்ந்துவிடுவாள். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்கத்தான் வாரம் முழுக்க உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மழைக்காலமும் குளிர்காலமும் எப்படியோ ஓடிவிட்டன. மார்ச் வந்ததும் கூடாரத்துக்குள் தலையை நீட்ட முடியவில்லை. தண்ணீர் சோறு வடிக்கிற கஞ்சி மாதிரி சுட்டது. சூடேறிய தண்ணீரில் காற்று தங்காது. மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. காற்று மோட்டார் ஓடினால் அடங்கின. கரண்ட் போய் மோட்டார் நின்றால் அரை மணியில் மறுபடி மேலே வந்தன. ஒரு நாள் இராமையா கட்டிலுக்கடியில் குனிந்து பேட்டரியைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"என்னங்க, அது என் மெஷினுக்குங்க" என்றாள் தமிழரசி.

"உனக்கு எப்பவாச்சும் ஒரு நாளு. அதுங்களுக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் வேணும்."

"அந்தக் கூடாரத்தைக் கழட்டி எறிஞ்சா எதுவுமே வேணாங்க. இந்த வெயில்ல மனுசனே வெந்து போறான்."

"ஜப்பான்ல இருந்து படிச்சுப் பார்த்துச் சொல்றான் பையன். லுங்கி மூட்டறவ நீ எனக்குச் சொல்ல வந்துட்டியா?"

ஆனாலும் அவருக்குள்ளேயும் ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை, "தம்பி, இங்க வெயில் ஜாஸ்தியா இருக்குடா. கூடாரம் இருக்கணுமா?" என்று கேட்டார்.

போன் திரையில் அவன் முகம் தெளிவாகத் தெரிந்தது. "இருக்கணும்பா. கழட்டவே கூடாது" என்றான். அப்போது அவன் உதட்டோரத்தில் வந்த சிரிப்பைத் தமிழரசி பார்த்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் புதிதல்ல. நாற்காலியில் உட்கார்ந்து "எல்லாத்தையும் கொட்டு" என்றபோது அவன் அப்பன் சிரித்த அதே சிரிப்பு. யாங்கோனில் கூடாரம் எதற்கும் ஆகாது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறான். அப்பனை வெயிலில் நிற்க வைத்து, வாரா வாரம் பதில் சொல்ல வைத்து, அவன் பாட்டுக்கு வேடிக்கை பார்க்கிறான்.

உண்மையைச் சொன்னால், அன்றைக்குத் தமிழரசிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. புருஷனிடம் அவள் மூச்சுக் காட்டவில்லை. அனுபவிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அந்தப் பழியைத் தீர்க்கிற செலவு தன் கட்டிலுக்கடியிலிருந்து போகிறது என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

ஏப்ரல் நடுவில் உறைத்தது. பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின நாள், உச்சி வெயில், கரண்ட் இல்லை. தமிழரசி தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே மூச்சு அடைத்துச் சாய்ந்தாள். கையிலிருந்த கத்தரிக்கோலால் தரையைத் தட்டினாள். கீழ்வீட்டு டோ கின் டே ஓடி வந்தாள். பர்மியப் பெண், விதவை, பதினெட்டு வருஷப் பழக்கம். தமிழரசியின் உதடு நீலம் பாரித்திருந்ததைப் பார்த்துவிட்டு மாடிக்கு ஓடினாள். கூடாரத்துக்குள் இராமையா சட்டையில்லாமல் நின்று தொட்டியைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"ராமையா அண்ணே, உன் பெண்டாட்டி செத்துக்கிட்டிருக்கா! பேட்டரியைக் கொடு!" என்று பர்மிய மொழியில் கத்தினாள்.

"ஒரு பத்து நிமிஷம்! இப்ப எடுத்தா எல்லாம் மிதந்துரும்!" என்றார் அவரும் பர்மியிலேயே. சொல்லிவிட்டு மறுபடி தொட்டிக்குள் குனிந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் சத்தம் கிளம்பியது. "மீ லா பீ! மீ லா பீ!" டோ கின் டே விழுந்தடித்துக் கீழே வந்து மூச்சு மெஷினைச் செருகி, மூடியைத் தமிழரசியின் மூக்கில் அழுத்தினாள். அன்று அவளைக் காப்பாற்றியது ஊருக்குப் பொதுவான கரண்ட். புருஷன் அரை மணி கழித்துத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஒண்ணுகூடச் சாகல தமிழு!" என்றார்.

தமிழரசிக்கு அழுகை வரவில்லை. எரிச்சல் வந்தது. வயிற்றிலிருந்து கிளம்பி, அடைத்த நெஞ்சைத் தாண்டி, பல்லில் வந்து நின்றது.

திருவிழா முடிந்ததும் டோ கின் டே அவளைப் படிகளில் உட்கார வைத்து உட்கார வைத்து இறக்கி, பகோடா அருகே உட்காரும் ஜோசியரிடம் கூட்டிப் போனாள். தமிழரசி காளி கோயிலுக்கும் போவாள், தர்காவில் தாயத்தும் கட்டுவாள், பகோடாவில் தங்க ரேக்கும் ஒட்டுவாள். யாங்கோனில் பிறந்த தமிழச்சிக்கு இதிலெல்லாம் பேதமில்லை. ஜோசியர் அவள் பிறந்த கிழமையைக் கேட்டார், கையைப் பார்த்தார், கரும்பலகையில் கட்டம் போட்டார். உயிருக்குக் கண்டம் என்றார். கண்டம் கழிய வேண்டுமானால் வயது எத்தனையோ, அதற்கு மேல் ஒன்று சேர்த்து அத்தனை மீன்களை உயிரோடு ஆற்றில் விட வேண்டும். அவள் கையாலேயே விட வேண்டும். புத்தர் பிறந்த கசோன் மாதப் பௌர்ணமிக்குள் விட வேண்டும். பர்மியர்கள் எல்லாரும் செய்கிற பரிகாரம்தான். சந்தையில் அதற்கென்றே மீனை வாளியில் வைத்து விற்பார்கள்.

வெளியே வந்ததும் டோ கின் டே, "எங்கே வாங்கலாம்?" என்றாள்.

"எதுக்கு வாங்கணும்?" என்றாள் தமிழரசி.

இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். டோ கின் டே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் இராமையா பாயின்னாங்குக்குக் கிளம்பிப் போனதும் வேலை ஆரம்பமானது. மாடிப்படியில் ஏழெட்டுப் படிக்கு ஒரு தரம் உட்கார்ந்து உட்கார்ந்துதான் தமிழரசி ஏறினாள். கூடாரத்தின் வாயைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. வலையால் கோலிக் கோலிப் பெயிண்ட் வாளிகளில் போட்டாள். உள்ளங்கை நீளத்துக்கு வளர்ந்திருந்தன. ஐம்பத்தைந்து என்று எண்ணி முடித்தபோது தொட்டியில் ஏழெட்டு மிச்சம். அவற்றைத் தனியாக ஒரு குண்டானில் எடுத்து வைத்தாள். டோ கின் டே பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழையபடி கட்டிலுக்கடியில் வைத்தாள். வாளிகள் லுங்கிக் கட்டு போகிற கயிற்றில் ஒவ்வொன்றாக இறங்கின. கீழே சைக்காக்காரன் வாங்கி வண்டியில் அடுக்கினான். சைக்கிளோடு ஒட்டிய அந்தச் சின்ன வண்டியில் இரண்டு பெண்களும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து, மடியில் வாளியோடு, ஆற்றில் கலக்கும் பசுண்டாங் ஓடைத் துறைக்குப் போனார்கள்.

துறையில் தமிழரசி வாளி வாளியாகச் சரித்தாள். மீன் ஒவ்வொன்றும் கொஞ்ச நேரம் பேதலித்து நின்றது, பிறகு திரும்பியது, போனது. அவளுக்கு ஜாம் பாட்டில்கள் ஞாபகம் வரத்தான் செய்தன. இது புண்ணியம், அது வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொஞ்ச தூரம் தள்ளி ஒரு சம்பான் படகில் இரண்டு பேர் வலையோடு காத்திருந்தார்கள். வெயிலில் வெந்து களைத்த மீன்களைத் தேங்காய் பொறுக்குகிற மாதிரி பொறுக்கிக்கொண்டார்கள்.

தமிழரசி பதறினாள். டோ கின் டே அவள் கையை இழுத்தாள். "விட்டது நீ. பிடிச்சது அவன். புண்ணியம் உனக்கு வந்தாச்சு, பாவம் அவன் கணக்கு. வா போகலாம்."

அன்று சாயங்காலம் இராமையா வந்ததும் நேராகச் சாப்பிட உட்கார்ந்தார். புளியும் மிளகாயும் தூக்கலாக மீன் குழம்பு. இரண்டாம் தரம் சோறு வாங்கினார். "ருசியா இருக்கே. உயிர் மீனா? எங்க வாங்கின?"

"மாடியில" என்றாள் தமிழரசி.

அவர் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. அவள் முகத்தைப் பார்த்தார். பேட்டரி கட்டிலுக்கடியில் இருந்ததைப் பார்த்தார். எழுந்து கை கழுவாமலே படியேறிப் போனார். வெகு நேரம் இறங்கி வரவில்லை. அவள் அடிக்குத் தயாராகத்தான் இருந்தாள். அவர் அடிக்கவில்லை. இறங்கி வந்து, கழுவாத கையை மடியில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. இராமையா அதை எடுத்து, பார்த்து, முதல் தடவையாக அவள் கையில் கொடுத்தார். "நீயே சொல்லு."

திரையில் பாலா. எத்தனையோ வருஷமாக அவள் தனியாக அவன் முகத்தைப் பார்த்ததில்லை. கன்னம் ஒட்டியிருந்தது. குளிரில் உதடு வெடித்திருந்தது.

"அப்பா எங்கம்மா? மீனைக் காட்டுங்க."

"மீனு இல்லப்பா. ஆத்துல விட்டுட்டேன். எனக்குக் கண்டம்னு ஜோசியக்காரரு சொன்னாரு. ஐம்பத்தஞ்சு விடணும்னு..."

பாலா போனை முகத்துக்கு நெருக்கிப் பிடித்தான்.

"நீங்களா கொட்டுனீங்க?"

"கொட்டல பாலா. ஆத்துலதான்..."

"மறுபடியும் நீங்களேதானா?" என்றான். குரல் உயரவில்லை. பதினைந்து வயதில் சுவரோரம் நின்று "முடிஞ்சுதா?" என்று கேட்டானே, அதே குரல். திரை இருண்டுவிட்டது.

அடுத்த ஞாயிறு அழைப்பு இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. இராமையா அழைத்தால் மணி அடித்து ஓயும். மழை பிடித்தது, தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது, வடிந்தது. பேட்டரி கட்டிலுக்கடியில் சார்ஜோடு இருந்தது. மெஷின் கேட்டபோதெல்லாம் ஓடியது. தமிழரசி பத்து வருஷத்தில் விடாத மூச்சையெல்லாம் விட்டாள். கண்டம் கழிந்துவிட்டது என்று டோ கின் டே எல்லாரிடமும் சொன்னாள்.

இராமையா பழையபடி பேச ஆரம்பித்தார். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரே கேள்வி கேட்பார். "மூச்சு நல்லா வருதா தமிழு?"

"வருதுங்க."

"வரட்டும், வரட்டும்" என்பார். கோபமே இல்லாமல் சொல்வார். உளுந்தைக் கையில் அள்ளித் தரம் பார்க்கிறவர் குரல். அவளை அவர் ஒதுக்கி வைத்துவிட்டார் என்று அவளுக்கு விளங்கியது. பெல்ட் எடுத்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். தாங்க முடியாதது ஞாயிற்றுக்கிழமைதான். அந்த நேரம் வந்ததும் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் போன் இருக்கும். அது அடிக்காது. பிள்ளை தன்னிடம் பேசவில்லை என்று இத்தனை நாள் நொந்துகொண்டாளே, அவன் அப்பனிடம் தொட்டியைப் பற்றிப் பேசியதில்தான் தன் பங்கும் இருந்தது என்று இப்போது தெரிந்தது. அவன் அப்பனை வதைத்தான். வதைக்கவாவது வந்துகொண்டிருந்தான். அந்த வழியையும் அவள் கையாலேயே அடைத்துவிட்டாள்.

அக்டோபரில் மழை விட்டு வெயில் திரும்பியது. ஒரு காலை, இராமையா போன பிறகு, தமிழரசி டோ கின் டேயிடம்கூடச் சொல்லாமல் ஆறு மாடி இறங்கினாள். படகில் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள டாலாவுக்குப் போனாள். அங்கே மீன் குஞ்சு வளர்க்கிறவரிடம் திலாப்பியா குஞ்சு வாங்கினாள். காற்றடைத்த பாலித்தீன் பையை மாரோடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். ஆறு மாடி ஏற மத்தியானம் ஆகிவிட்டது. குஞ்சுகளைத் தொட்டியில் விட்டாள். கிழிந்து தொங்கிய கூடாரத்தை ஊசி நூலால் மூட்டினாள். லுங்கி மூட்டுகிறவளுக்கு அது ஒரு வேலையா? நாலு பக்கமும் காற்றுப் புகாமல் நெருக்கித் தையல் போட்டாள்.

பிறகு கீழே போய்க் கட்டிலுக்கடியிலிருந்து பேட்டரியை இழுத்தாள். தூக்க முடியவில்லை. பழைய லுங்கி ஒன்றில் கட்டி, ஒரு படி, நிறுத்தம், ஒரு படி என்று இழுத்தாள். பாதிப் படியில் இருக்கும்போது இராமையா வேலையிலிருந்து வந்தார். நின்று பார்த்தார். அவள் கையிலிருந்த முடிச்சை வாங்கிக்கொள்ளவில்லை. சுவரோரம் ஒதுங்கி வழி விட்டார். அவள் இழுத்துக்கொண்டு மேலே போனதும் பின்னாலேயே வந்து, கூடாரத்துக்குள் தலையை நீட்டிக் குஞ்சுகளைப் போட்டோ எடுத்துப் பாலாவுக்கு அனுப்பினார். "அம்மா வாங்கினாங்க" என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. இராமையா எடுத்தார்.

"அம்மாகிட்ட குடுங்க" என்றான் பாலா.

தமிழரசி போனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். கரண்ட் இல்லை. மோட்டார் அவளுடைய பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. கூடாரத்துக்குள் நின்று தொட்டியைக் காட்டினாள். காது ஓரம் வியர்வை வழிந்தது. நெஞ்சில் விசில் ஆரம்பித்திருந்தது.

"ஏம்மா மூச்சு வாங்குது?"

அவன் கேட்டான். பன்னிரண்டு வருஷத்துக்கப்புறம் தன்னைப் பற்றி ஒரு கேள்வி கேட்டான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். மெஷின், பேட்டரி, ஏப்ரல் மாதத்து மத்தியானம், எல்லாம். சொன்னால் தொட்டியை எடுத்துவிடுங்கள் என்பான். எடுத்துவிட்டால் அடுத்த ஞாயிறு எதைப் பற்றிப் பேசுவான்?

"படி ஏறி வந்தேன்ல பாலா" என்றாள்.

"சரி. கூடாரம் நல்லா மூடியிருக்கா?"

"மூடியிருக்குப்பா. நானே தச்சேன்."

பாலாவின் உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை அது அவளுக்கானது. "நல்லது. கழட்டவே கூடாது. இனிமே வாரா வாரம் நீங்களே காட்டுங்கம்மா" என்றான்.

"காட்டறேன்பா" என்றாள் தமிழரசி. அவன் பேசிக்கொண்டே போனான், தண்ணீர் சூடு கேட்டான், வேர் நிறம் கேட்டான். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பேச மூச்சு போதாத இடங்களில் போனைக் குஞ்சுகள் பக்கம் திருப்பிக்கொண்டாள்.